ஆத்துமேட்டு வீதியின் குதிகால்

கனிஷ்காவுக்கு நெஞ்சுப்பட்டையை நான் முதன்முதலாக மாட்டி, கொக்கி டக்கென்று விழுந்த அந்த வியாழக்கிழமை சாயங்காலம்தான், ஆத்துமேட்டு வீதியில் நின்றுகொண்டிருந்தவர்கள், நடந்துகொண்டிருந்தவர்கள், தறிக்கு முன்னால் குனிந்திருந்தவர்கள், குழாயடியில் குடத்தைத் தூக்கியவர்கள் எல்லாரையும் ஏதோ ஒன்று இதமாகப் பிடித்துக்கொண்டது. நெஞ்சைச் சுற்றி ஒரு பிடி, இடுப்பைச் சுற்றி ஒரு பிடி, இரண்டு முட்டிகளுக்கும் கீழே மெத்தென்று இரண்டு அணைப்பு, பாதங்களைத் தரையோடு சேர்த்து ஒரு கட்டு. டீக்கடை நாச்சிமுத்து டீ ஆற்றுவதை நிறுத்தாமலே, "யார்றா அது பின்னால வந்து கட்டிப் புடிக்கறது?" என்றார். பின்னால் யாரும் இல்லை. தறி மெக்கானிக் செங்கோடன் குடித்துவிட்டு வந்து தினமும் விழுகிற சாக்கடைப் பாலத்தருகே வழக்கம்போல விழப் போய், விழாமல், பாதி சாய்ந்தபடியே சற்று நேரம் நின்று, விழ முடியாததில் எரிச்சலாகி, பிறகு நிமிர்ந்து நேராக வீட்டுக்கு நடந்து போனார். கதவைத் திறந்த அவர் சம்சாரம், "யாரு வேணுங்?" என்று கேட்டதாக வீதியில் இன்றைக்கும் சொல்வார்கள்.

வீட்டின் முன்னறையில் இருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. என் நெஞ்சிலும்தான் இறுகியது. புது வேலை, நான் தனியாகப் பொருத்துகிற முதல் இரும்புச் சட்டம், பயம் இப்படித்தான் இறுகும் என்று நினைத்துக்கொண்டேன். கனிஷ்காவின் அம்மா வளர்மதி தன் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங் டாக்டரம்மா, எனக்கும் எதையோ கட்டியுட்ட மாதிரி இருக்குதுங்."

"நான் டாக்டர் இல்லீங்க, பிசியோதெரபிஸ்ட். கட்டினது பாப்பாவுக்குத்தானுங்களே."

"அதுதானுங் நானும் சொல்றேன்."

தானாக நிற்க முடியாத பிள்ளைகளைத் தாங்கி நிற்க வைக்கிற சட்டம் அது. இரும்புக் குழாய், மரப்பலகை, பட்டைகள், திருகுகள், வேறொன்றும் இல்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறிப்போனதால் கனிஷ்காவின் கைகால்கள் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. பதினோரு வயதாகியும் ஒரு வார்த்தை வாயைத் தாண்டி வந்ததில்லை. ஆனால் காதில் விழுகிறதெல்லாம் அவளுக்குப் புரியும். ஆமாம் என்றால் கண்களை மேலே உயர்த்துவாள், இல்லை என்றால் இறுக மூடிக்கொள்வாள். அதுவரை உலகத்தைப் பாயில் கிடந்தும் அம்மாவின் இடுப்பில் தொங்கியும் மட்டுமே பார்த்திருந்தவள், அன்று சட்டத்தில் நின்று, ஜன்னல் வழியாக, வீதியை வீதியின் உயரத்திலேயே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வளர்மதி மகளைச் சட்டத்தில் ஏற்றினாள். வீதியும் ஏறியது. இறக்கினாள், வீதியும் இறங்கியது. அந்த வாரம் முடிவதற்குள் காரணம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. எதற்காக நடக்கிறது என்பதைவிட எத்தனை மணிக்கு நடக்கும் என்பதுதான் அந்த வீதிக்கு முக்கியம். கரண்டு எப்போது போகும், ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும், பாப்பா எப்போது நிற்கும், இவ்வளவும் தெரிந்தால் ஒரு நாளை ஓட்டிவிடலாம். "ஏம்புள்ள வளர்மதி, இன்னைக்கு அஞ்சுக்கா அஞ்சரைக்கா?" என்று குழாயடியிலிருந்தே கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டு, நடை பழகுகிற குழந்தைகளை அந்த நேரத்துக்கு வீதியில் இறக்கிவிட்டார்கள், ஒரு குழந்தைகூட விழவில்லை. முட்டி தேய்ந்தவர்கள் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ரேஷன் கடைவரை போய்வந்தார்கள். பக்கத்து வீதிக் குடிகாரர்கள் அஞ்சு மணிக்கே வந்து, ஓரமாக, மரியாதையாக நின்று, நேராக நிற்பது எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் தம்பியைக் கட்டி வந்து, வருஷக்கணக்காக தினமும் மல்லுக்கட்டுகிற ஓரகத்திகள் இருவர் சண்டையை ஆறு மணிக்கு மேல் தள்ளிப்போட்டார்கள், இடுப்பை ஒருவர் ஆதரவாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கெட்ட வார்த்தை சரளமாக வருவதில்லையாம். முனையில் திரும்புகிற டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் கம்பியை விட்டுவிட்டுத் தலை வாரிக்கொண்டார்கள். பகல் ஷிப்ட் முழுக்க நின்று நின்று கெண்டைக்கால் கல்லாகிப்போன தறிக்காரர்கள் அந்த நேரம் வந்ததும் உடம்பின் பாரத்தைப் பட்டைகளிடம் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி, அப்பாடா என்பார்கள். தறி தன்பாட்டுக்கு ஓடும்.

மூன்றாம் வீட்டுக்காரி ஒருநாள் தட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள், சட்டத்துக்குப் பொட்டு வைக்க.

"வேண்டாங்க்கா, பட்டை நைஞ்சுரும்," என்றாள் வளர்மதி. "வேணும்னா அந்தக் கால் மெத்தைய ஒருக்கா அலசிப் போட்டுட்டுப் போ."

அவளும் அலசிப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், கடைக்கு வந்தவர்கள், ஷிப்ட் முடிந்து வந்த கனிஷ்காவின் அப்பா குப்புராஜ், எல்லாரும் ஒரே நேரத்தில் இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டார்கள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"எடது முட்டி மெத்தை ஏறிக்கிட்டு நிக்குதுங் அம்மிணி. சில்லுல இடிக்குது."

"சில்லுல இல்லீங், சித்த உள்பக்கமா."

"உள்பக்கந்தான். அந்தாளுக்கு முட்டியே தெரியாது, அவன் பேச்சைக் கேக்காதீங்."

நான் மெத்தையை ஒரு விரல் கீழே இறக்கி, அரை விரல் வெளியே தள்ளினேன். வாசலில் நின்றவர்கள் ஒருசேர மூச்சுவிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது வளர்மதி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை அழுகிறபோதெல்லாம் பசியா, வயிற்று வலியா, எறும்பு கடித்ததா, சட்டைத் தையல் உறுத்துகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, ஒன்றும் பிடிபடாமல், கூடவே உட்கார்ந்து அழுதே இத்தனை வருஷத்தை ஓட்டியவள். இப்போது டீக்கடை பெஞ்சில் இருக்கிற ஆள் சொல்கிறான், இடது முட்டி, சித்த உள்பக்கம் என்று.

வீதிக்குள் இருக்கும்வரை பாப்பா உடம்பில் படுவது எனக்கும் பட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான், எந்தத் திருகைத் தொட்டாலும் மூன்று முறை சரிபார்க்காமல் கை எடுக்க வராது. இங்கே என் உடம்பே எனக்குச் சொன்னது. சந்தேகமாக இருந்தால் வீதியைக் கேட்டுக்கொள்ளலாம். இனிமேல் பயமில்லை என்றுகூட நினைத்தேன்.

பிறகுதான் குதிகாலுக்கு வந்தோம்.

கனிஷ்காவின் குதிகால்கள் தரையில் பட்டதே இல்லை. கெண்டைக்கால் தசை இறுகி, குதிகாலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. சட்டத்தில் குதிகாலுக்கு அடியில் மட்டும் தனியாக ஒரு சின்ன இரும்புத் தட்டு உண்டு. திருகைத் திருப்பினால் அது ஏறும், இறங்கும். மேலே பஞ்சு மெத்தை வைத்து, குதிகால் எங்கே நிற்கிறதோ அதுவரை தட்டை ஏற்றிக் கொடுத்து, பிறகு வாரம் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, இறக்கிக்கொண்டே வர வேண்டும். தட்டு இறங்க இறங்கத் தசை நீளும், குதிகால் கூடவே வரும். பாப்பா மளமளவென்று வளரப்போகிற வயது. எலும்பு நீண்டு தசை நீளாவிட்டால் கணுக்கால் அப்படியே திரும்பிக்கொள்ளும், அதன்பின் சட்டத்திலும் நிற்க முடியாது, கத்தி வைத்தாலும் உறுதியில்லை என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். அப்புறம் அவளுக்கு மறுபடியும் பாய்தான், ஓட்டுக்கூரைதான். இதை வளர்மதியிடம் சொன்னபோது அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

முதல் சுற்று இறக்கினேன். வீதி முழுக்க "ஆ" என்றது.

எனக்கு அது வலியாகப் படவில்லை. மேட்டில் ஏறும்போது கெண்டைக்காலில் வருமே, அந்த இழுப்பு. ஆனால் நான் வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறவள், அவர்கள் தினமும் சுமக்கிறவர்கள். எது இழுப்பு, எது வலி என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கனிஷ்காவின் தசையைத் தொட்டுப் பார்த்தேன், தோல் நிறம் பார்த்தேன், மூச்சைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. சரியாக இருந்ததை இன்னொரு முறையும் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் வந்தபோது தட்டு பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. நான்தான் திருகைச் சரியாக முடுக்காமல் போயிருப்பேன் என்று மறுபடி இறக்கினேன். அதற்கடுத்த வாரமும் ஏறியிருந்தது. திருகுக்குப் பக்கத்தில் கறுப்பாக, தறிக்குப் போடுகிற கிரீஸில், ஒரு பெருவிரல் ரேகை.

வளர்மதி என் முகத்தைப் பார்க்கவில்லை. "செங்கோடண்ணன்தானுங். நான்தான் கதவத் தொறந்துவுட்டேன். எனக்கே தாங்கலீங் அம்மிணி, அதுக்கு எப்படி இருக்கும்?"

செங்கோடன் டீக்கடை பெஞ்சில் இருந்தார். விழ முடியாத குடியில் ருசியில்லை என்று அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒளிக்கவெல்லாம் இல்லை.

"ஆமாங் அம்மிணி, நான்தான் ஏத்துனேன். மீசை மொளைச்ச நாளா தறிக்கு வைத்தியம் பண்டுதம் பாக்கறவன் நானு. நெடுக்கால வர்ற பாவு நூல்ல இழுவை கூடிப்போச்சுன்னா என்னாகும்? பட்டு பட்டுன்னு அறுந்துரும். சக்கரத்துல ஒரு பல்லு தளத்தியுட்டாத்தான் தறி ஓடும். இந்த வீதில எந்தக் கொழந்தையக் கேட்டாலும் சொல்லும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்கள் வீடுகள் அத்தனையும் அந்த ஒரு நியாயத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

"நூல் அறுந்தாப் பிணைச்சுக்கலாமுங்க," என்றேன். "இது அறுகாது, சுருங்கும். சுருங்கினா அப்புறம் என்னாலயும் நீட்ட முடியாது, உங்களாலயும் முடியாது. பாப்பாவால நிக்கவே முடியாமப் போயிரும்."

"அதுக்காகப் புள்ளைய வதைக்கறதா? எங்களுக்குத் தெரியுதல்லங், எப்படி வலிக்குதுன்னு!"

யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் என்னைத் திணறடித்தது. அவர்கள் சொல்வதைத் தட்டிவிடவும் முடியவில்லை, தட்டை ஏற்றிவைக்கவும் முடியவில்லை. கடைசியில் நாச்சிமுத்துதான் டீ ஆற்றியபடியே ஒரு தீர்ப்புச் சொன்னார். "நமக்கு வலிக்கறதுனாலதான நாம பூந்து தொந்தரவு பண்றோம்? எறக்கற அன்னைக்குத்தான் இழுப்பு ஜாஸ்தி. வியாழக்கிழமை அந்த நேரத்துக்கு வீதியோட ஆத்துக்குப் போயிரலாம். அம்மிணி அவங்க படிச்ச மாதிரி எறக்கட்டும். தெரியாத வலிக்கு நாம பொறுப்பில்ல."

அப்படியே ஆயிற்று. அந்த வியாழக்கிழமை தறிகளை நிறுத்திவிட்டு, வீடுகளைச் சாத்திவிட்டு, தூக்குவாளியில் புளிச்சோறும் கையில் குழந்தைகளுமாக, ஆடிப்பெருக்குக்குப் போகிறவர்களைப் போல வீதியே கிளம்பி ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. குப்புராஜும் போய்விட்டார், மகள் கால் வலியைப் பார்க்கிற தெம்பு தனக்கில்லை என்றார். தறிச்சத்தம் நின்ற வீதியில் காக்கை கத்துவது பெரிதாகக் கேட்டது.

கனிஷ்காவை நிற்க வைத்துப் பட்டைகளை மாட்டினோம். அவள் ஜன்னலைப் பார்த்தாள். வீதியில் ஒருவரும் இல்லை. நான் ஸ்பேனரை எடுத்தேன், திருகில்கூட வைக்கவில்லை, அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"என்ன சாமி? இன்னும் ஒண்ணுமே பண்ணலியே," என்றாள் வளர்மதி.

மூடிய கண் மூடியபடியே இருந்தது. நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

அப்போது செங்கோடன் உள்ளே வந்தார். "அந்தத் திருகோட மரை தேஞ்சிருக்குதுங். மாத்தி முடுக்குனீங்கன்னா வழுக்கியுடும். அதான் திரும்பி வந்துட்டேன்," என்றார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், சட்டத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏங் கண்ணு. குதிங்கால் எறக்கறது வலிக்குதா?"

கனிஷ்கா கண்ணைத் திறந்து மேலே உயர்த்தினாள். ஆமாம்.

"நான்தான் சொன்னேனுங்களே" என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன். அடுத்த கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தது. அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் அதன்படி நடந்தாக வேண்டும்.

"கனிஷ்கா, தட்டை மேலயே வெச்சிரட்டுமா? இழுக்காம?"

கண்கள் மூடின. இல்லை.

செங்கோடன் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "அப்ப எறக்கட்டுமா?" என்றார்.

கண்கள் மேலே போயின.

வளர்மதி மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் எதுக்குச் சாமி வேண்டாம்னே? எல்லாரும் போயிட்டாங்கன்னா? அவுங்கெல்லாம் வரோணுமா?"

கனிஷ்காவின் கண்கள் மேலே உயர்ந்து, அங்கேயே நின்றன. இறங்கவே இல்லை.

செங்கோடன் ஆற்றங்கரைக்கு ஓடினார். அங்கே நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள், எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது இவ்வளவுதான். வாயில் சோற்றோடு இருந்தவர்களைப் பார்த்து அவர் சொன்னார், "வலி நமக்கு வந்துச்சு, அவ நெனப்பு வரல. எறக்கோணும்ங்கறா. நாமளும் கூட நிக்கோணும்ங்கறா."

"சொன்னாளா?" என்றார் நாச்சிமுத்து.

"கண்ணுல சொன்னா."

நாச்சிமுத்து கையைக் கழுவினார். "அப்ப எந்திரிங்க."

எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஈரக்காலோடு, தூக்குவாளிகளோடு, ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார்கள். கனிஷ்கா ஒவ்வொருவராகப் பார்த்து முடிக்கிறவரை நான் காத்திருந்தேன். பிறகு ஒரு சுற்று. வீதி பல்லைக் கடித்துக்கொண்டது, ஒரு பையன் மட்டும் "அம்மாடியோவ்" என்று கத்த, அவன் அம்மா "பாப்பாவே சும்மா நிக்குது, உனக்கென்னடா?" என்று மண்டையில் ஒன்று வைத்தாள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகள் அப்படியே நடந்தன. அன்றைக்கு யாரும் அவசர வேலை வைத்துக்கொள்வதில்லை. இழுப்பு தாங்காதவர்கள் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள், பாட்டுப் பாடத் தெரிந்தவர்கள் பாடுவார்கள், திட்டத் தெரிந்தவர்கள் என்னைச் செல்லமாகத் திட்டுவார்கள். ஒருமுறை வெளியூர் நூல் வியாபாரி ஒருவர் விவரம் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டு ஐயோ குய்யோ என்று குதித்தார். அவருக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, "சித்த பொறுங், பாப்பாவுக்குக் கால் எறங்குது" என்று தண்ணீர் கொடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நான் கேட்பேன், அவள் கண்ணால் சொல்வாள். இரண்டு வாரம் கண்ணை மூடினாள், அந்த இரண்டு வாரமும் திருகைத் தொடவில்லை. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. தேய்ந்த மரையைச் செங்கோடன் மாற்றிக் கொடுத்தார், அதன்பிறகு அதில் கிரீஸ் ரேகை ஏதும் விழவில்லை.

மழை வந்தது, ஆறு சிவந்து ஓடியது, தெளிந்தது. மார்கழிக் குளிரில் ஒரு சாயங்காலம், சின்னத் தட்டு பாதத்தட்டுக்குச் சமமாக வந்து உட்கார்ந்தது. நான் குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். எழுந்து மறுபக்கமும் பார்த்தேன். இனி இறக்க இடமில்லை. குதிகாலுக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்தது பஞ்சு மெத்தை மட்டும்தான்.

"எடுத்துரலாமா?" என்று கனிஷ்காவைக் கேட்டேன். கண்கள் மேலே பறந்தன.

வளர்மதியை எடுக்கச் சொன்னேன். அவள் உட்கார்ந்து, மகளின் குதிகாலைக் கையில் தாங்கி, மெத்தையை உருவிவிட்டு, கையை மெல்ல விலக்கினாள். குதிகால் தட்டில் இறங்கியது. முழுசாக.

வீதியில் எல்லாச் சத்தமும் ஒரு கணம் நின்றது. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இரும்பு சில்லென்றிருந்தது. பஞ்சைத் தவிர எதன்மேலும் ஊன்றியறியாத, கன்னத்தைப் போல மெத்தென்றிருந்த ஒரு குதிகாலின் தோல் முதன்முதலாகக் கீழே கெட்டியான ஒன்றைத் தொட்டது. வெயிலிலும் சேற்றிலும் நடந்து நடந்து பாளம் பாளமாக வெடித்துப்போன குதிகால்களை உடைய அந்த வீதி முழுவதும், தொட்டதைப் பொறுக்க முடியாமல், கூசிப்போனது. முதலில் சிரித்தது கனிஷ்காதான். தொண்டைக்குள்ளிருந்து உருண்டு வந்த அந்தச் சிரிப்பு ஜன்னலைத் தாண்டியதும் குழாயடி சிரித்தது, தறிப்பட்டறை சிரித்தது, ஓரகத்திகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், செங்கோடன் சாக்கடைப் பாலத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார், குப்புராஜ் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. என்னாலும் நிற்க முடியவில்லை, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வாசலில் நாச்சிமுத்து ஒரு காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, கையிலிருந்த டீயெல்லாம் சிந்த, மூச்சு வாங்கக் கத்தினார்:

"அம்மிணி, பஞ்சைத் திரும்ப வெச்சுராதீங்!"